முதலாளிக்கு இரண்டு முறை கிடைத்த புதன்கிழமை

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். அதைப் படித்து டைப் அடிக்கப் போகிற பிள்ளையிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதில் எனக்கும் தமிழுக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்தாதீர்கள். அந்த வேலையைச் செய்ய எங்கள் கம்பெனியில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எழுதச் சொன்னது புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள்தான். சேலத்தில் இருந்த எங்கள் டெஸ்ட் ஷெட்டைப் போன மாதம் மூடிவிட்டார்கள். இனிமேல் கண்காணாத ஊரில் வாடகைக்கு எடுத்த மெஷின்கள் தாமாகவே டெஸ்ட் ஓட்டி, தாமாகவே ரிசல்ட்டும் எழுதிக்கொள்ளுமாம். ஷெட்டில் இருந்த கம்ப்யூட்டர்களை எடைக்குப் போட்டார்கள். எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். எனக்கு மாலை போட்டார்கள், அவற்றுக்குப் போடவில்லை. மற்றபடி வித்தியாசம் ஒன்றும் இல்லை.

அந்த மாலை போட்ட கூட்டத்தில் ஒரு பிள்ளை கேட்டது. “ஏனுங்கண்ணா, செவப்பா பச்சையான்னு பாக்கறதுக்குன்னே ஒரு ஆளுங்களா? நெசமாவே இப்படி ஒரு வேலை இருந்துச்சுங்களா?”

கூட்டத்தில் பேச எனக்கு வராது. தலையை மட்டும் ஆட்டினேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி என்ன செய்தது என்று என் சொந்தக்காரர்களுக்கு இன்று வரை புரியவில்லை. கம்ப்யூட்டரை எழுப்புவது, அச்சடிப்பது, தமிழ் எழுத்தைக் காட்டுவது, நேரம் சொல்வது என்று ஒவ்வொன்றுக்கும் உலகத்தில் யார் யாரோ இலவசமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் திரட்டி, நம்மூர் மளிகைக் கடைக்கும் லாரி புக்கிங் ஆபீசுக்கும் நாமக்கல் முட்டை பேக்கிங் கூடத்துக்கும் தோதாக மாற்றி, ஒரே கட்டாகக் கட்டி அனுப்புவோம். அந்தக் கட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு சாமானும் ஒரு பேக்கேஜ். அதிலே லைப்ரரி என்று ஒரு வகை உண்டு. அது வாடகைப் பாத்திரக் கடை மாதிரி. கல்யாணம் வைக்கிற ஒவ்வொரு வீடும் தனியாக அண்டா வாங்குவதில்லை. கடையில் இருக்கும் ஒரே அண்டாவைத்தான் எல்லோரும் எடுத்துப் போகிறார்கள். அண்டாவில் ஓட்டை இருந்தால் ஒரு கல்யாணத்தில் அல்ல, அந்த முகூர்த்தத்தில் நடக்கிற எல்லாக் கல்யாணத்திலும் சாம்பார் ஒழுகும். அதனால் வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். அப்படி ஊற்றிப் பார்ப்பதுதான் டெஸ்ட். ஊற்றியது நான் இல்லை, மெஷின். ஒழுகுகிறதா என்று பார்த்தது நான்.

எனக்கு இந்த வேலை கிடைத்த கதை சிறியது. ஜலகண்டாபுரத்தில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். பிறகு இந்தக் கம்பெனிக்கு வாட்ச்மேனாக வந்தேன். முதலாளி நல்லசிவம் சார் ஒரு நாள் என்னை உள்ளே கூப்பிட்டார்.

“தறி ஓட்டுனவருங்களா? நூல் அறுந்தா என்னங்க பண்ணுவீங்க?”

“நிறுத்திப் போட்டு முடிச்சுப் போடுவேனுங்க.”

“இங்க முடிச்செல்லாம் நீங்க போட வேண்டாங்க. அறுந்துதுன்னு சொன்னாப் போதும்.”

அவ்வளவுதான் பயிற்சி. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இங்கிலீஷ் எழுத்து எனக்குப் படிக்க வராது. ஆனால் பேக்கேஜ்களின் பெயர்களை ஆள் முகம் மாதிரி பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டேன்.

வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். காலையில் ஷெட்டைத் திறந்து, வரிசையாக எல்லா மெஷினையும் எழுப்பி, ஒரு பொத்தானை அமுக்கினால் டெஸ்ட் ஓட ஆரம்பிக்கும். திரையில் வரி வரியாகப் பச்சை இறங்கும். நடுவில் ஒரு வரி சிவப்பாக விழும். அந்த பேக்கேஜ் யார் பொறுப்போ அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் மூன்று பதில்களில் ஒன்று வரும். “எங்கூட்டுக் கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுச்சுங்களே” என்பது ஒன்று. “அது அப்படித்தாங்கண்ணா, அதைக் கண்டுக்காதீங்க” என்பது இரண்டு. மூன்றாவது, “இன்னொரு வாட்டி ஓட்டுங்கண்ணா.”

மூன்றாவதுதான் கம்பெனியின் சட்டம். மூன்று முறை ஓட்டலாம். அதில் ஒரு முறை பச்சை வந்துவிட்டால் பச்சை. இரண்டு முறை சிவப்பாக விழுந்ததைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசமாட்டார்கள். மூன்று முறை பிரேக் அடித்ததில் ஒரு முறை நின்றது, அதனால் நல்ல வண்டி என்று சொல்கிற டிரைவரோடு நீங்கள் நாமக்கல் வரைக்கும் போவீர்களா? எங்கள் வாடிக்கையாளர்கள் வருஷக்கணக்கில் போனார்கள். அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மூன்று முறையும் சிவப்பு விழுந்தால் அதற்கும் ஒரு வழி இருந்தது. ஸ்கிப். டெஸ்டுக்கு முன்னால் ஒரு வரி எழுதிவிட்டால் அந்த டெஸ்ட் ஓடாது. ஓடாத டெஸ்ட் தோற்காது. இந்தக் கலையில் கைதேர்ந்தவர் தம்பி திலீபன். அச்சடிக்கிற லைப்ரரி அவர் பொறுப்பு. அவருடைய பேக்கேஜ் கண்ணை மூடித் திறப்பதற்குள் பச்சையாகிவிடும். பரீட்சை எழுதினால்தானே பெயிலாக வேண்டும்? அவர்தான் எங்கள் டெஸ்ட் பிரிவுக்குத் தலைவர்.

கவுரி மட்டும் வேறு மாதிரி. பரமத்தி வேலூர்க்காரப் பிள்ளை. நேரம், தேதி பார்க்கிற லைப்ரரி அதன் பொறுப்பு. சிவப்பு என்று போய்ச் சொன்னால் மேற்சொன்ன மூன்றில் எதையும் சொல்லாது. “எங்கீங்கண்ணா, காட்டுங்க” என்று ஷெட்டுக்கே வந்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் நின்று, சிவப்பு வரியைத் துக்கம் விசாரிக்க வந்த மாதிரி பார்க்கும். பிறகு போய்ச் சரி செய்யும். இதனால் அது வேலை தெரியாத பெண் என்று கம்பெனியில் பெயர் வாங்கியிருந்தது. திலீபன் பேக்கேஜ் பச்சையாக இருக்க, இதன் பேக்கேஜில் மட்டும் அடிக்கடி சிவப்பு வந்தால் வேறு என்ன நினைப்பார்கள்?

இனி முதலாளியின் பேச்சைப் பற்றி. நல்லசிவம் சார் திருச்செங்கோட்டுப் பக்கம் நல்ல குடும்பம். பெங்களூரில் பெரிய வேலை பார்த்துவிட்டு வந்து இந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர். யாரையும் மரியாதை குறைத்துப் பேசி நான் கேட்டதில்லை. ஷெட் வாசலில் படுத்திருக்கும் நாயிடம்கூட “கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கங்க” என்பார். அவர் வாயில் பெயில் என்ற சொல்லே வராது. “இன்னைக்கு அதுக்கு மனசு சரியில்லீங்களா?” என்பார். ஆனால் ஒன்று. அவர் பேச்சில் ‘ங்க’ கூடக் கூட ஆபத்தும் கூடும். ஒருவரை வேலையை விட்டு அனுப்பும்போது, “நீங்க ரொம்பக் களைச்சுப் போயிட்டீங்க சாமி. நாளையில இருந்து ஊட்ல இருந்து நல்லா ரெஸ்ட் எடுங்க” என்று சொல்வார். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வருவார். பஸ் ஸ்டாண்டு போன பிறகுதான் வேலை போனது தெரியும்.

ஒரு முறை சென்னையிலிருந்து பெரிய மனிதர்கள் ஷெட்டைப் பார்க்க வந்தார்கள். அன்றைக்கு முதலாளி சொன்னபடி, எப்போதும் பச்சை வருகிற டெஸ்டுகளை மட்டும் எல்லா மெஷினிலும் ஓடவிட்டோம். ஷெட் முழுக்கக் கரும்புக் காடு மாதிரி ஒரே பச்சை. வந்தவர்கள் அசந்துபோனார்கள். அதில் ஒருவர் என்னைப் பார்த்து, “சிவப்பு வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். முதலாளி முந்திக்கொண்டு, “அதை அவரு பாத்ததே இல்லைங்க” என்றார். வந்தவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன்.

புதிய கட்டு வெளியாவதை எங்கள் முதலாளி ஒரு பிறப்பாகவே நினைத்தார். ஜோசியரிடம் நாளும் நேரமும் கேட்பார். வெளியான பிறகு அந்த நேரத்துக்கு ஜாதகம் எழுதி வாங்கி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பார். வெளியிடும்போது ஷெட்டில் பூஜை உண்டு. கற்பூரம் ஏற்றிய பிறகு முதலாளி உரக்கக் கேட்பார், “எல்லாம் பச்சைங்களா அர்த்தனாரி?” நான், “பச்சைங்க” என்பேன். திலீபன் பொத்தானை அமுக்குவார். கட்டு ஊர் ஊராகப் போகும். அந்த ஒரு சொல்லை முந்தின நாளே வீட்டில் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

அந்த முறை ஜோசியர் குறித்துக் கொடுத்தது புதன்கிழமை முற்பகல். “பொன் கெடச்சாலும் பொதன் கெடைக்காதுங்க” என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கூடவே இன்னொன்றும் சொன்னார். கவுரி சேர்ந்ததிலிருந்து நிரந்தரம் ஆகாமலே இருந்தது. இந்தக் கட்டில் அதன் பேக்கேஜ் பச்சையாக இருந்தால் பூஜைத் தட்டில் நிரந்தர ஆர்டர் வைத்துத் தருவார். இல்லையென்றால் ஊட்டில் ரெஸ்ட்.

கவுரிக்கு அந்த ஆர்டர் எவ்வளவு அவசியம் என்று எனக்குத் தெரியும். அப்பா இல்லை. அம்மா பரமத்தி வேலூரில் தாய்மாமன் வீட்டில் இருந்தார். இருந்தார் என்றால், சமைத்துக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு, மாமன் பெண்டாட்டியிடம் பேச்சு வாங்கிக்கொண்டு இருந்தார். கவுரி தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தது. அம்மாவை அழைத்துவந்து வைத்துக்கொள்ள சேலத்திலேயே செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சின்ன வீடு பார்த்திருந்தது. வீட்டு ஓனர் மொத்த மளிகை வியாபாரி. “நெரந்தர வேலைன்னு கம்பெனிச் சீட்டு காட்டும்மா, சாவி தர்றேன். வெள்ளிக்கெழமை வரைக்கும் பாப்பேன், அப்புறம் வேற ஆளுக்கு உட்ருவேன்” என்று சொல்லியிருந்தார்.

புதன்கிழமை வந்தது. திலீபனுடைய அச்சு லைப்ரரி கட்டுக்குள் ஏறவே மாட்டேன் என்றது. டெஸ்டையெல்லாம் ஸ்கிப் போட்டுவிட்டதால் எங்கே ஓட்டை என்று யாருக்கும் தெரியவில்லை. நல்ல நேரம் போய்விட்டது. பூசணிக்காய், வாழைப்பழம், கற்பூரம் எல்லாம் காத்திருந்து பொழுதும் போய்விட்டது. வியாழக்கிழமை காலையில்தான் அது சரியானது. அந்தக் கோளாறு வாடிக்கையாளர்களிடமும் இருந்ததால், ஒரு சின்னத் திருத்தத்தை உடனே ஊரெல்லாம் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு முதலாளி உள்ளே வந்தார். முகத்தில் ஒரு தெளிவு.

“திலீபன், நம்ம மெஷினுக்கு நேரம் சொல்றது யாருங்க?”

“நாமதானுங்க சார்.”

“அப்பறம் ஏனுங்க வருத்தப்படறோம்? எல்லாத்தையும் ஒரு நாள் பின்னால தள்ளி வைங்க.”

ஆஸ்பத்திரிகளில் நேரம் குறித்துக் குழந்தையை எடுக்கிறார்கள். எங்கள் முதலாளி குழந்தையை விட்டுவிட்டு நேரத்தை எடுத்தார். திலீபன் “சரிங்க சார்” என்று சொல்லி எல்லா மெஷினிலும் கடிகாரத்தைத் தள்ளி வைத்தார். பொன் கிடைத்தாலும் கிடைக்காத புதன் எங்கள் முதலாளிக்கு ஒரே வாரத்தில் இரண்டாவது முறையும் கிடைத்தது. தெருவில் வியாழன். ஷெட்டுக்குள் புதன்.

சாங்கியத்துக்காக டெஸ்டை மறுபடியும் ஓட்டினோம். எல்லாம் பச்சை. கவுரியின் பேக்கேஜ் மட்டும் சிவப்பு. இரண்டாம் முறை, சிவப்பு. மூன்றாம் முறை, சிவப்பு. நான் போய்ச் சொல்வதற்குள் கவுரியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

“அண்ணா, காலைல செஞ்ச ஃபைலெல்லாம் நாளைக்குத்தான் பொறக்கப் போவுதுன்னு மெஷின் சொல்லுது. நாளைக்குப் பொறக்கற புள்ள இன்னைக்கே தொட்டில்ல கெடந்தா டெஸ்ட் சும்மா இருக்குமுங்களா?”

உடனே கூட்டம் போட்டார்கள். படித்த பிள்ளைகள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொடுப்பதற்காக நானும் ஓரமாக நின்றேன். கடிகாரத்தைத் தள்ளி வைத்தது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். சுவரில் தினசரிக் காலண்டர் வியாழன் என்று தடித்த எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார்கள்.

“ஷெட்ல சூடு ஜாஸ்திங்க சார்” என்றார் திலீபன்.

“தூசி கூட இருக்கலாமுங்க” என்றது ஒரு பிள்ளை.

“கரண்டு ஏறி எறங்குதுங்க” என்றது இன்னொன்று.

ஆளுக்கொரு காரணமாக வந்துகொண்டே இருந்தது. ஒரு பிள்ளை கவுரியின் லைப்ரரியையே வேறு மாதிரி திரும்ப எழுத வேண்டும் என்று பலகையில் படம் போட்டுக் காட்டியது. முதலாளி ஒவ்வொருவருக்கும் “நல்ல பாயிண்டுங்க” என்று சொன்னார்.

கடைசியில் கவுரி சொன்னது. “கடிகாரத்த ஒரு நாள் பின்னால வெச்சிருக்கோமுங்க சார். அதுதானுங்க.”

ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டது மாதிரி எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

முதலாளி சிரித்தார். “அம்மணி, உங்க டெஸ்ட் ரொம்ப நல்ல டெஸ்டுங்க. பாவமுங்க, தெனமும் ஓடுதுங்க. இன்னைக்கு ஒரு நாள் அதுக்கு லீவு குடுத்துருங்க.”

“டெஸ்டுக்கு லீவு குடுத்தரலாமுங்க சார். நாமக்கல்ல இருக்கற மெஷினுக்கு யாருங்க லீவு குடுப்பாங்க? காலைல நாம அனுப்புன திருத்தத்துல வியாழன்னு தேதி இருக்குது. இப்ப பொதன்னு தேதி போட்டு ஒண்ணு போனா, பழசு வருது, வேண்டாம்னு அது தள்ளிருமுங்க.”

“தள்ளாதுங்க. நம்ம கஸ்டமருங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்க.”

“மெஷினுங்க சார்.”

“மெஷினும் நம்மளதுதானுங்களே அம்மணி.” ‘ங்க’ எண்ணிக்கை கூடுவதை நான் கவனித்தேன். “பூஜைக்குள்ள பச்சையாக்கிருங்க. இல்லீன்னாலும் பரவாயில்லீங்க. அம்மாவுக்கு ஒத்தாசையா ஊட்ல இருக்கலாமுங்க. பெத்தவங்களப் பாத்துக்கறதும் புண்ணியந்தானுங்களே சாமி.”

கூட்டம் கலைந்த பிறகு கவுரி என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

“ஒரே ஒரு வரிதானுங்கண்ணா. ஸ்கிப் போட்டா முடிஞ்சுது.”

“ஆமாங்க அம்மணி.”

“ஓனரு நாளைக்கு வரைக்குந்தான் பாப்பேன்னுட்டாரு. அம்மா துணியெல்லாம் மூட்டை கட்டி வெச்சிருக்குது. மாமன் பொண்டாட்டிக்குத் தெரியாம.”

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். “இன்னொரு வாட்டி ஓட்டட்டுங்களா?” என்று கேட்டேன்.

அழப் போகிற முகத்தோடு சிரித்தது. “நூறு வாட்டி ஓட்டுனாலும் வெளிய வியாழந்தானுங்கண்ணா.” எழுந்து போய்விட்டது. அந்த வரியை எழுதவில்லை.

பூஜை ஆரம்பித்தது. சிவப்பு இருந்தால் கட்டு தானாக வெளியே போகாது. ஆனால் தலைவரிடம் ஒரு தனிப் பொத்தான் உண்டு. பரவாயில்லை, போ என்று அர்த்தம். முதலாளி திலீபனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். கற்பூரம் ஏற்றினார். என்னைப் பார்த்தார்.

“எல்லாம் பச்சைங்களா அர்த்தனாரி?”

திரையில் சிவப்பு வரி எனக்கு நேராக இருந்தது. அதைப் படிக்க ஐந்தாம் வகுப்புகூடத் தேவையில்லை.

“ஒண்ணு செவப்புங்க சார்” என்றேன்.

சத்தம் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். முதலாளி ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. என் தோளில் கையைப் போட்டார். “நம்ம அர்த்தனாரிக்குக் கூட்டம்னாலே கூச்சமுங்க. பச்சைன்னு சொல்ல வந்து வாய் கொளறிப் போச்சுங்க. எல்லாம் பச்சைதானுங்க. கை தட்டுங்க!”

தட்டினார்கள். சிரித்தார்கள். திலீபன் பொத்தானை அமுக்கினார். இத்தனை வருஷத்தில் என் கூச்சம் கம்பெனிக்குப் பிரயோஜனப்பட்டது அன்றைக்குத்தான்.

சர்க்கரைப் பொங்கல் கொடுக்கும்போது கவுரி தட்டுக்கு முன்னால் வந்து நின்றது. தட்டில் வெற்றிலையும் பழமும் மட்டும்தான் இருந்தன.

“எல்லாம் பச்சைன்னீங்களே சார், என்னுதும் பச்சைங்களா?”

எல்லோர் கையும் இலையிலேயே நின்றது. முதலாளி நாலு பக்கமும் பார்த்தார். “எல்லாம்னா எல்லாந்தானுங்க அம்மணி.”

“அப்ப என்ற ஆர்டருங்க சார்?”

இல்லை என்று சொன்னால் சிவப்பு என்று ஆகிவிடும். சிவப்பு என்றால் அனுப்பியது தப்பு என்று ஆகிவிடும். “மத்தியானமா வந்து வாங்கிக்கங்க” என்றார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் நாமக்கல் முட்டை பேக்கிங் கூடத்துக்காரர். போனை வெளியே கேட்கும்படி வைத்திருந்தார்கள். “ஏனுங்க, இன்னைக்கு வியாழக்கெழமை. நீங்க பொதன்கெழமைச் சரக்க அனுப்பியிருக்கீங்களாம், மெஷின் வேண்டாங்குது. பில்லு போட முடியாம லாரி வாசல்ல நிக்குதுங்க. முட்டையிலகூட நாங்க இந்த வேலை பண்றதில்லீங்களே!” அதற்குப் பிறகு ஒரு லாரி ஆபீஸ். அப்புறம் ஒரு தீவனக் கடை. அப்புறம் எல்லோரும்.

முதலாளி ஜோசியருக்குப் போன் போட்டார். கடிகாரத்தைச் சரி செய்ய இப்போது நேரம் நன்றாக இருக்கிறதா என்று கேட்பதற்காக. வியாழக்கிழமை ஒன்றரைக்கு மேல் மூன்று வரைக்கும் ராகுகாலம், எதையும் தொட வேண்டாம் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். போன்கள் அடித்துக்கொண்டிருக்க, முதலாளி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கவுரியைக் கூட்டிவரச் சொல்லி என்னை அனுப்பினார். கூட்டிவந்தேன். வெளியே போகச் சொல்லாததால் நானும் நின்றேன்.

“அம்மணி, மூணு மணி அடிச்சதும் கடிகாரத்தச் சரி பண்ணி, கட்ட மறுபடி கட்டி அனுப்பணுமுங்க. இந்த நேர விவகாரமெல்லாம் உங்களுக்குத்தானுங்க அத்துப்படி.”

“பண்ணிரலாமுங்க சார். ஆர்டருங்க?”

ஆர்டர் மேசை மேல் இருந்தது. பிரிண்ட் எடுத்திருந்தார், கையெழுத்து இல்லை. “ராகுகாலமுங்களே. கையெழுத்தும் மூணு மணிக்கு மேல போட்டரலாமுங்க.” மூன்று மணிக்குக் கடிகாரம் சரியாகிவிடும். சரியான பிறகு இந்த ஆர்டர் என்ன ஆகும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

கவுரி மெதுவாகச் சொன்னது. “சார், இந்தக் கம்பெனியில இன்னைக்குப் பொதன்கெழமைதானுங்களே? பொதன் ராகுகாலம் ஒன்றரையோட முடிஞ்சு போச்சுங்களே.”

முதலாளி கவுரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். போன் மறுபடியும் அடித்தது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

கவுரி அதைக் கையில் வாங்கி முழுக்கப் படித்தது. அதோடு வெளியே வந்திருக்கலாம். வந்துவிடு சாமி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அது ஆர்டரைத் திரும்பவும் மேசை மேல் வைத்தது.

“தேதி பொதன்னு விழுந்திருக்குதுங்க சார்.”

“நல்ல நாளுங்க. இருந்துட்டுப் போவட்டுமுங்க.”

“நேத்து நான் இங்க நெரந்தரம் இல்லீங்க சார். இன்னைக்குத் தேதி போட்டுக் குடுங்க.”

“இப்ப வியாழன்னு எழுதுனா ராகுகாலத்துல எழுதுனதா ஆயிருமுங்க. வேலை நெலைக்காதுன்னு சொல்லுவாங்க.”

“பரவாயில்லீங்க சார். எழுதுங்க.”

முட்டைக்காரர் மறுபடியும் போனில் கத்திக்கொண்டிருந்தார். முதலாளி புதன் தேதியைக் கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் வியாழன் தேதியை எழுதி, அதற்கும் ஒரு சின்னக் கையெழுத்துப் போட்டார். மூன்று மணி வரைக்கும் யாரும் காத்திருக்கவில்லை. கவுரி நேராக ஷெட்டுக்கு வந்து கடிகாரத்தைச் சரி செய்தது. டெஸ்டை ஓட்டினேன். முதல் முறையிலேயே பச்சை. வெயில் தாழ்வதற்குள் கட்டு எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. முதலாளி அதற்கு ஜாதகம் எழுதி வாங்கவில்லை என்று கேள்வி.

சாயங்காலம் கவுரி என்னையும் செவ்வாய்ப்பேட்டைக்குக் கூப்பிட்டது, பெரியவர் ஒருவர் கூட இருந்தால் நல்லது என்று. எனக்குத் தெரியாதவர்களிடம் பேச வராது என்று தெரிந்தும் கூப்பிட்டது. ஆட்டோக்களுக்கும் மூட்டை வண்டிகளுக்கும் நடுவில் புகுந்து மளிகைக் கடைக்குப் போனோம். ஓனர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆர்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னம்மா, தேதிய அடிச்சுத் திருத்தியிருக்குது?”

அவ்வளவு பேசிய பிள்ளை அங்கே நின்று விழித்தது. ஒரு புதன்கிழமையைத் திருத்தப் போய் வீடு போய்விடும் போலிருந்தது. நான்தான் சொன்னேன். கடிகாரம், ஜோசியர், முட்டை, ராகுகாலம் எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொன்னேன். கடையில் சாமான் வாங்க வந்தவர்களும் நின்று கேட்டார்கள். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்கு மட்டும்தான்.

ஓனர் கண்ணாடியைக் கழற்றினார்.

“முப்பது வருசமாச் சீட்டு பாக்கறேங்க. பொய்ச் சீட்டு எப்பவும் மொழுமொழுன்னு சுத்தமாத்தான் வரும். அடிச்சு எழுதி, அதுக்கு மொதலாளியே கையெழுத்துப் போட்ட சீட்ட இன்னைக்குத்தான் பாக்கறேன்” என்றார். “அம்மாவ எப்பக் கூட்டியாறீங்க?”

கவுரி அழுதுவிட்டது. அவர் சாவியை எடுக்க உள்ளே போனார்.

எழுதி முடித்தது: புரட்டாசி மாதம், மூன்றாம் சனிக்கிழமை.